கடைசி இலக்கம் நனைந்த கடிதம்

கெடிலத்தில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுவிட்டதாம்.
மெயில் வண்டி அக்கரையில் நிற்கிறது.
பிரிக்க மூட்டை இல்லை,
வீட்டுக்குப் போக பஸ்ஸும் இல்லை.
மேசையில் ஒரே ஒரு கடிதம்:
ச. குணவதி,
சர்ச் பின்புறம்,
கடலூர் 60700
அதற்கப்புறம் மழை.

டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
ஒன்றா, மூன்றா.
ஒன்று என்றால் எங்கள் மஞ்சக்குப்பம்.
மூன்று என்றால் முதுநகர்.
சர்ச் இரண்டு பக்கமும் உண்டு,
சர்ச் என்றிருந்தால் பின்புறமும் உண்டு.

பழைய மணியார்டர் பாரத்தின் முதுகில்
607003ஐ வகுக்க ஆரம்பித்தேன்.
எண் உடைவதற்கும் குணவதிக்கும்
சம்பந்தமில்லை என்று தெரியும்.
சும்மா இருக்கத் தெரியாத கை.

ஏழால் வகுத்தால் ஐந்து மீதி.
பதின்மூன்றால், ஏழு.
பதினேழில் ஒன்றே ஒன்று மிஞ்சி நின்றது
கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி.
607க்குப் பேனாவே வேண்டாம்,
ஆயிரம் தடவை போக மூன்று.
263இல் தலைகீழாக ஒன்று குறைந்தது,
577இலும் அதே ஒன்று.
ஒரு ரூபாய் இல்லை என்று
இறக்கிவிடுகிற கண்டக்டரை
இன்று இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

இருதயராஜ் டீ கொண்டுவந்து வைத்தார்.
"சீட்டுக் கணக்கா?"
ஆமாம் என்றேன்.
"தள்ளு எவ்வளவு?"
தள்ளவே மாட்டேங்குது, சார்.

773. ஈவு 785, மீதி 198.
இதோடு நிறுத்தலாம்.
அடுத்த பகா எண்ணை அதே எண்ணால் பெருக்கினால்
பின்கோடைத் தாண்டிப் போய்விடும்.
நூற்று முப்பத்தேழு முறை வகுத்து
நூற்று முப்பத்தேழு முறையும் தோற்றிருக்கிறேன்.
தோற்றதுதான் விடை.
முதுநகர் பகா எண்.

மஞ்சக்குப்பத்துக்கு மறுபடி வகுக்க வேண்டியதில்லை.
இரண்டுதானே குறைவு,
இதே பட்டியலில் எங்காவது மீதி இரண்டு என்றிருந்தால்
607001 அங்கே உடையும்.
மேலிருந்து கீழாக விரலை ஓட்டினேன்,
பரீட்சை ரிசல்ட்டில் பெயர் தேடுகிறவளைப் போல,
இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே.
இல்லை.

அப்போது மணி இரண்டே முக்கால்.
எழுந்து ஜன்னலைத் திறந்தேன், யாரிடமாவது சொல்ல.
இருதயராஜ் மூட்டை மேல் தூங்கிக்கொண்டிருந்தார்.
ஊரின் வட கோடியும் தென் கோடியும்
இரட்டைப் பகா எண்கள், சார்.
இரண்டையும் எதுவும் உடைக்காது.

நடுவில் திருப்பாதிரிப்புலியூர், 607002.
இரட்டைக்கு இடையில் மாட்டிய எண்
ஆறுக்கு இடம் கொடுத்தே ஆக வேண்டும்.
இதுவோ அதோடு நிற்கவில்லை.
இரண்டு, மூன்று, பதினொன்று, பதினேழு,
ஐநூற்று நாற்பத்தொன்று,
தட்டியவர்களுக்கெல்லாம் கதவு திறந்திருக்கிறது.
பஸ் ஸ்டாண்டும் ரயிலடியும் வைத்திருக்கிற ஊர்
வேறு எப்படி இருக்கும் என்று எழுதப் போய்
அடித்துவிட்டேன்.
தற்செயல். எண் போட்டவர்கள்
இதையெல்லாம் பார்த்துப் போட்டிருக்க மாட்டார்கள்.

உடையாத இரண்டில் எது என்று
கடிதம் அப்படியே கிடந்தது.
இவ்வளவு கணக்குக்குப் பிறகும்
ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே
அதே ஈரம்.

விடிந்ததும் தண்ணீர் வடிந்தது.
முதலில் எங்கள் பீட்டிலேயே கொடுத்தேன்.
மூன்றாம் நாள் திரும்பி வந்தது,
'அப்படி யாரும் இல்லை' என்று சிவப்பு மையில்.
மீதி.
முதுநகர் பையில் போட்டேன்.

மணியார்டர் பாரத்தில் இருதயராஜ் பஜ்ஜி மடித்துவிட்டார்.
ஏழிலிருந்து நானூற்றுச் சொச்சம் வரை எண்ணெய்.
பரவாயில்லை, விடை தெரியும்.

பத்து நாளாகிறது.
தினமும் திரும்பி வரும் கட்டைப் பிரிக்கும்போது
குணவதி இருக்கிறாளா என்று பார்க்கிறேன்.
இன்றைக்கும் இல்லை.